ஓடும் சேவையகத்தில் வன்பொருளை மாற்றுதல்: ஷெல் கட்டளை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

"முறைமைப் பராமரிப்பு காரணமாக இன்று நள்ளிரவு முதல் அதிகாலை வரை எமது இணையச் சேவைகள் இயங்காது" என்று ஒரு வங்கியோ காப்புறுதி நிறுவனமோ குறுஞ்செய்தி அனுப்பும்போது, கணினித் துறையோடு சற்றுப் பழக்கமுள்ள வாடிக்கையாளர்களுக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. வன்தட்டை இயங்கும்போதே கழற்றி மாட்டலாம், நினைவகத்தைக் கூட்டலாம், செயலியின் ஒரு பகுதியை அணைத்து வைக்கலாம் என்றெல்லாம் சேவையக விற்பனைப் பிரசுரங்கள் சொல்கின்றன. அப்படியானால் எதற்காக நிறுத்துகிறார்கள்? சிறிய அலுவலகங்களில் இதற்கு நேரெதிரான குழப்பம் நிலவுகிறது. பெட்டியின் முன்பக்கத்தில் கைப்பிடி வைத்த தட்டுகள் இருப்பதைக் கண்டு, எப்போது வேண்டுமானாலும் இழுத்தெடுக்கலாம் என்று எண்ணிச் செயற்பட்டுவிட்டு, தரவுத்தளம் ஏன் பழுதானது என்று பிறகு தேடுகிறார்கள்.

இரண்டு குழப்பங்களுக்கும் வேர் ஒன்றே. ஒரு வன்பொருள் பெட்டிக்குள் இருப்பது வேறு. அது இருப்பதாக இயங்குதளம் கருதுவது வேறு. ஷெல்லில் இடப்படும் கட்டளை பெரும்பாலும் இரண்டாவதை மாத்திரமே மாற்றுகிறது. கடைக்காரர் இருப்புப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிட்டால் களஞ்சியத்தில் உள்ள மூட்டை மறைந்துவிடாது. மூட்டையை யாராவது தூக்கிச் சென்றாலும் புத்தகத்தில் உள்ள வரி தானாக அழியாது. ஓடும் சேவையகத்தில் வன்பொருளை மாற்றும் வேலை முழுவதும் இந்த இரண்டையும் சரியான வரிசையில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்யும் வேலைதான்.

கட்டளைகளின் பெயர்களையும் கோப்புப் பாதைகளையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்ய வேண்டியவர்கள் தமது இயங்குதளத்தின் கையேட்டிலிருந்து எழுத்து வடிவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடிப்படை: கர்னல், ஷெல், சிஸ்எஃப்எஸ்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி கர்னல் எனப்படுகிறது. செயலி, நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு அட்டை ஆகியவற்றோடு நேரடியாகப் பேசுவது அது ஒன்றுதான். மற்ற மென்பொருள்கள் யாவும் அதன் வழியாகவே வன்பொருளை அடைகின்றன. ஷெல் என்பது பயனர் தட்டச்சு செய்யும் வரிகளை வாங்கி உரிய நிரல்களை இயக்கும் இடைமுகம். பாஷ் அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. கர்னல் தன்னிடம் உள்ள ஒவ்வொரு சாதனத்தையும் குறித்து வைத்திருக்கும் விவரங்களைக் கோப்புகளும் கோப்புறைகளும் போலக் காட்டும் ஏற்பாடு சிஸ்எஃப்எஸ். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பிலிருந்து இது லினக்ஸின் நிலையான பகுதியாக உள்ளது.

சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ளவை உண்மையான கோப்புகள் அல்ல. அவை எந்த வன்தட்டிலும் எழுதப்படுவதில்லை. ஒரு கோப்பைப் படித்தால் கர்னல் அந்த நொடியில் உள்ள நிலையைச் சொல்கிறது; அதில் ஒரு மதிப்பை எழுதினால் கர்னல் அதனை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு செயலாற்றுகிறது. மூன்றாம் இலக்கச் செயலியின் ஆன்லைன் என்ற கோப்பில் 0 என எழுதுவது அச்செயலியைப் பணியிலிருந்து விலக்குகிறது. 1 என எழுதினால் அது மீண்டும் சேர்கிறது. இவ்வளவு பெரிய செயலைத் தூண்டுவதற்கு ஒற்றை இலக்கம் போதும் என்பதே இம்முறையின் வசதி, ஆபத்து இரண்டும். "உறுதியாகவா?" என்று அது கேட்பதில்லை.

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். தரப்பட்ட சொல்லை அப்படியே வெளியிடும் எக்கோ கட்டளைக்கு முன்னால், நிர்வாகி அதிகாரம் வழங்கும் சூடோ சேர்த்து, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் திசைமாற்றுக் குறியின் மூலம் சிஸ்எஃப்எஸ் கோப்பில் எழுத முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. கோப்பைத் திறப்பது எக்கோ அல்ல, பயனரின் ஷெல். அதற்கு ரூட் எனப்படும் முழு நிர்வாகி அதிகாரம் இல்லை. எக்கோவின் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக, வாங்கியதைக் கோப்பில் எழுதும், சூடோ சேர்த்த டீ என்ற கட்டளைக்கு அனுப்புவதே வழக்கமான தீர்வு. இந்த எரிச்சலைத் தவிர்ப்பதற்காக ரூட் ஷெல்லிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பலர். அந்தப் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும் முன்னால் சூடோ என்று தட்டச்சு செய்யும் இரண்டு நொடிகளில் கண் ஒரு முறை வரியை மீளப் படிக்கிறது.

ஓடும் இயந்திரத்தில் பாகங்களை மாற்றும் எண்ணம் லினக்ஸோடு தொடங்கியது அல்ல. டேண்டம் நிறுவனம் 1976இல் வெளியிட்ட நான்ஸ்டாப் கணினிகள், ஒரு பாகம் செயலிழந்தாலும் வேலை நிற்காமல் பழுதான பாகத்தை மாற்றும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டவை. வங்கிகளும் பங்குச் சந்தைகளும் அவற்றின் முக்கிய வாடிக்கையாளர்கள். 64 செயலிகள் வரை ஏற்கக்கூடிய சன் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் 10000 என்ற இயந்திரம் 1997இல் வெளிவந்தது; செயலிகளையும் நினைவகத்தையும் தாங்கிய முழுப் பலகையையே சோலாரிஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போது விலக்கிக்கொள்ள அதில் முடிந்தது. அத்தகைய இயந்திரங்களில் இணைப்பான் முதல் இயங்குதளம் வரை யாவும் ஒரே நிறுவனத்தின் கையிலிருந்தன. இன்றைய சாதாரணச் சேவையகத்தில் ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு தரப்பினருடையது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு அடுக்குகள் உடன்பட வேண்டும்

ஒரு பாகத்தை ஓடும்போதே மாற்ற முடியுமா என்ற கேள்விக்கான விடையை நான்கு அடுக்குகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

1. இணைப்பான். மின்னோட்டம் உள்ள நிலையில் கழற்றவும் மாட்டவும் ஏற்றவாறு அது அமைந்திருக்க வேண்டும். சாட்டா, எஸ்ஏஎஸ் என்ற இணைப்பு வகைகளைச் சேர்ந்த வன்தட்டுகளின் மின் இணைப்பானை உற்றுப் பார்த்தால் எல்லா ஊசிகளும் ஒரே நீளத்தில் இல்லாதது தெரியும். நிலத்தொடுப்பு ஊசிகள் நீளமானவை. அவை முதலில் தொடுகின்றன. அடுத்து, முன்-மின்னேற்ற ஊசிகள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் பாய்ந்து, மின்னூட்டத்தைத் தேக்கும் கொள்ளளவிகளை நிரப்புகிறது. மற்ற மின் ஊசிகள் கடைசியாகவே தொடுகின்றன. இந்த வரிசையால்தான் திடீர் மின்பாய்ச்சல் தவிர்க்கப்படுகிறது. நினைவகப் பட்டிகளின் சாதாரணச் சொருகிகளுக்கு இவ்வாறான ஏற்பாடு கிடையாது.

2. ஃபர்ம்வேரும் (வன்பொருளிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) தாய்ப்பலகையும். சொருகியில் ஏதோ வந்ததையும் போனதையும் கண்டறிந்து இயங்குதளத்துக்கு அறிவிப்பதும், தேவையானால் அந்தச் சொருகிக்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் இவற்றின் வேலை.

3. கர்னலும் சாதன இயக்கியும் (குறித்த சாதனத்தைக் கையாளும் கர்னல் நிரல்). சாதனம் விலகும்போது தம் தரவுக் கட்டமைப்புகளைப் பிழையின்றிக் கலைத்துக்கொள்ள இவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில இயக்கிகள் இதில் மிகவும் பலவீனமானவை.

4. மேலே இயங்குபவை. கோப்பு முறைமை, ரெய்ட் அணி (பல வன்தட்டுகளை ஒன்றாக இயக்கும் ஏற்பாடு), தரவுத்தளம், மெய்நிகர் இயந்திரம் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினி) ஆகியன.

விற்பனைப் பிரசுரம் பேசுவது பெரும்பாலும் முதலாவது அடுக்கைப் பற்றி. ஷெல் கட்டளை தொடுவது மூன்றாவதை. தரவு இழப்பு நிகழ்வதோ நான்காவதில். ஆகவே விலக்கும்போது நான்காவதிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வோர் அடுக்காக விடுவித்துக்கொண்டு வர வேண்டும். சேர்க்கும்போது முதலாவதிலிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும். இந்த ஒரு வரிசையை மீறுவதால் விளையும் பழுதுகளை வன்பொருட் கோளாறு என்று பதிவு செய்வது எங்கும் வழக்கமாக இருக்கிறது. அது சரியான கணக்கு அல்ல.

வன்தட்டு: ஒரு மாற்றத்தை அருகிலிருந்து பார்த்தால்

இரண்டு வன்தட்டுகள் ஒன்றையொன்று பிரதிபலிக்கும் ரெய்ட் 1 அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் வழியான இவ்வணியை எம்டிஆட்ம் கட்டளை நிர்வகிக்கிறது. எஸ்டிபி என்ற பெயருடைய வன்தட்டு பழுதடையத் தொடங்கியிருக்கிறது.

1. எது அந்த வன்தட்டு என்று உறுதி செய்தல். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கர்னல் கண்டறிந்த வரிசையில் இடப்படுபவை. அவற்றுக்கும் பெட்டியில் உள்ள இடத்துக்கும் நிலையான தொடர்பு எதுவும் இல்லை. எல்எஸ்பிஎல்கே கட்டளை மூலமோ ஸ்மார்ட்சிடிஎல் மூலமோ தொடரிலக்கத்தை எடுத்து, தட்டின் முகப்பில் ஒட்டியுள்ள இலக்கத்தோடு ஒப்பிட வேண்டும். தட்டுகள் சொருகும் பின்பலகையில் அதற்கான வசதி இருந்தால் லெட்சிடிஎல் கட்டளை உரிய தட்டின் விளக்கைச் சிமிட்ட வைக்கும். அவ்வசதி இல்லாத பழைய பெட்டிகளில், நல்ல நிலையில் உள்ள மற்ற வன்தட்டிலிருந்து டிடி கட்டளையால் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கச் செய்தால் அதன் விளக்கு விடாமல் எரியும், எரிவதைத் தொடக்கூடாது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கழற்றுவதே இவ்வேலையில் நிகழும் மிகக் கொடிய தவறு என்பதால் இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் நேரம் தர வேண்டும்.

2. யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தல். சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு வன்தட்டுக்கும், அதைப் பிரித்து உண்டாக்கிய ஒவ்வொரு பகிர்வுக்கும் கீழே ஹோல்டர்ஸ் என்ற கோப்புறை உண்டு. அதனைப் பற்றிப் பிடித்திருக்கும் ரெய்ட் அணியோ, பல வன்தட்டுகளின் இடத்தைத் திரட்டிப் பங்கிடும் எல்விஎம் தொகுதியோ அங்கே தெரியும். ஏற்றப்பட்ட கோப்பு முறைமைகளை ஃபைண்ட்மவுண்ட் காட்டும். நினைவகம் போதாதபோது மாற்று நினைவகமாகப் பயன்படும் பகிர்வுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அவை ஸ்வாப்ஆன் பட்டியலில் இருக்கும்.

3. மேலிருந்து விடுவித்தல். எம்டிஆட்ம் மூலம் அந்தப் பகிர்வைப் பழுதானதாகக் குறித்து, பின்னர் அணியிலிருந்து நீக்க வேண்டும். ஒரே வன்தட்டின் வெவ்வேறு பகிர்வுகள் வெவ்வேறு அணிகளில் இருந்தால் ஒவ்வொன்றிலும் இதைச் செய்ய வேண்டும். எல்விஎம் எனின் பிவிமூவ் தரவை வேறு வன்தட்டுக்கு நகர்த்தும். இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடியது என்பது அதன் சிறப்பு.

4. கர்னலிலிருந்து விலக்குதல். எஸ்டிபியின் டிவைஸ் கோப்புறைக்குள் உள்ள டிலீட் என்ற கோப்பில் 1 என எழுத வேண்டும். மற்றொரு சாளரத்தில், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைப் பின்தொடரும் முறையில் ஓடவிட்டிருந்தால், வன்தட்டின் இடைத்தேக்கத்தில் உள்ளதை எழுதி முடிக்கும்படி கர்னல் கட்டளையிடும் வரி அங்கே தோன்றும். அதற்குப் பிறகு அவ்வன்தட்டு பட்டியல்களில் இராது.

5. கையால் கழற்றுதல். சுழல்தட்டுள்ள வன்தட்டு எனின் இணைப்பு விடுபடும் அளவுக்குச் சற்று முன்னே இழுத்து, அரை நிமிடம் காத்திருந்து, சுழற்சி நின்ற பிறகு முழுவதுமாக எடுப்பது நல்லது.

6. புதியதைச் சேர்த்தல். பெரும்பாலும் கர்னல் தானாகவே கண்டுகொள்ளும். காணாவிட்டால் உரிய ஸ்கஸி ஹோஸ்ட்டின் (வன்தட்டுகள் இணையும் கட்டுப்படுத்தியின்) ஸ்கேன் கோப்பில் இடைவெளியிட்ட மூன்று சிறுகோடுகளை எழுத வேண்டும். தடம், இலக்கு, தருக்க அலகு எதுவாயினும் தேடு என்பதே அம்மூன்று கோடுகளின் பொருள். பிறகு பகிர்வு அட்டவணையை இட்டு, எம்டிஆட்ம் மூலம் அணியில் சேர்த்தால் மீள்கட்டமைப்பு தொடங்கும்.

மீள்கட்டமைப்புக்கு எவ்வளவு நேரமாகும்? 8 டெராபைட் வன்தட்டு நொடிக்கு 200 மெகாபைட் வீதம் இடைவிடாமல் எழுதப்பட்டாலும் 40,000 நொடிகள், அதாவது 11 மணித்தியாலத்துக்கு மேல். பகல் நேரச் சுமையோடு சேர்ந்தால் இதன் இருமடங்கோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நேரம் முழுவதும் தரவு ஒற்றை வன்தட்டில் மட்டுமே இருக்கிறது. வன்தட்டை மாற்றிய நிமிடத்திலேயே வேலை முடிந்தது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இந்தப் பதினொரு மணித்தியாலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது படியைத் தாண்டி நேரே நான்காவதற்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் முக்கியமான கேள்வி. டிலீட் கோப்பு மறுப்புத் தெரிவிப்பதில்லை. வன்தட்டில் கோப்பு முறைமை ஏற்றப்பட்டிருந்தாலும், அதில் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருந்தாலும், 1 என எழுதியவுடன் சாதனம் விலக்கப்பட்டுவிடும். மேலே உள்ள கோப்பு முறைமை இனி இல்லாத சாதனத்தைப் பிடித்தபடி பிழைகளைக் கொட்டத் தொடங்கும். பதறிப்போய் மீண்டும் ஸ்கேன் செய்தால் அதே வன்தட்டு எஸ்டிபி என்று வராது. பழைய பெயரை இன்னும் ஒருவர் பிடித்திருப்பதால் அது எஸ்டிசி என்றோ எஸ்டிடி என்றோ வரும். கோப்பு முறைமையோ பழைய எஸ்டிபியையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டையும் இணைக்க இடைவழி இல்லை. இறக்கி ஏற்றியாக வேண்டும்.

தரவுத்தளத்தின் நிலை இதைவிடச் சிக்கலானது. எழுதியவை வன்தட்டை அடைந்துவிட்டனவா என்று கர்னலிடம் கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு ஒரு முறை பிழை காட்டிவிட்டு, மறுமுறை கேட்டால் எல்லாம் நலம் என்று சொல்லக்கூடும். எழுத முடியாமற்போன பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) லினக்ஸ் அதற்குள் துப்புரவானவையாக, அதாவது எழுதி முடிந்தவையாக, குறித்திருக்கும். இந்நடத்தை 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உருவாக்குநர்களிடையே பெரிய விவாதமானது. அதன் விளைவாக, எஃப்சிங்க் தோல்வியுற்றால் தரவுத்தளம் தானே நின்றுவிட்டு, மாற்றப் பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி பின்னர் மாற்றப்பட்டது. ஒரு வன்தட்டை வரிசை தவறி விலக்குவதன் விலை இவ்வளவு மேலே வரை ஏறுகிறது.

செயலியும் நினைவகமும்: மறுக்கத் தெரிந்த கோப்புகள்

செயலியை விலக்கும்போது கர்னல் மிகுந்த கவனத்தோடு நடந்துகொள்கிறது. அதில் ஓடிய நிரல்களையும், அதற்கு ஒதுக்கப்பட்ட குறுக்கீடுகளையும் (சாதனங்கள் செயலியை அழைக்கும் சமிக்ஞைகள்), நேரங்காட்டிகளையும் மற்றச் செயலிகளுக்கு நகர்த்திவிட்டே அதனை அணைக்கிறது. கடைசியாக எஞ்சிய செயலியை விலக்கச் சொன்னால் மறுத்துவிடும். இன்டெல், ஏஎம்டி வகை இயந்திரங்களில் முதற்செயலிக்கு ஆன்லைன் கோப்பே வழக்கமாக இருப்பதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: ஒரு நிரலைக் குறிப்பிட்ட செயலியில் மட்டும் ஓடும்படி கட்டியிருந்து, அச்செயலியை விலக்கினால் கர்னல் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது; செயலியைத் திரும்பச் சேர்த்தாலும் கட்டு தானாகத் திரும்பும் என்று நம்பியிருக்க முடியாது.

இது தருக்கரீதியான விலக்கம்தான். சில்லைக் கையால் கழற்றுவது சாதாரணச் சேவையகங்களில் இயலாது. ஆயினும் பயன் உண்டு. இன்டெல் செயலிகளில் எல்1டிஎஃப் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2018 ஓகஸ்டில் வெளியானபோது, செயலியின் ஒரே மையத்தில் இரு இழைகள் (இணையாக ஓடும் இரு கட்டளை வரிசைகள்) ஓடும் வசதியை அணைப்பது பரிந்துரைக்கப்பட்ட காப்புகளுள் ஒன்றாக இருந்தது. சிபியு கோப்புறையின் கீழ் எஸ்எம்டி என்பதற்குள் உள்ள கண்ட்ரோல் கோப்பில் ஆஃப் என எழுதினால், இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யாமலே அவ்விழைகள் விலகும்.

நினைவகத்தில் சேர்ப்பது எளிது, விலக்குவது கடினம். கர்னல் நினைவகத்தைத் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 64 பிட் இன்டெல் வகை இயந்திரங்களில் ஒரு தொகுதி 128 மெகாபைட்டாகவும், பெரிய இயந்திரங்களில் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். ஒரு தொகுதியின் ஸ்டேட் கோப்பில் ஆஃப்லைன் என எழுதினால், அங்குள்ள பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்தக் கர்னல் முயல்கிறது. பயனர் நிரல்களின் பக்கங்கள் நகரும். கர்னல் தனக்கென வைத்துள்ள பல பக்கங்கள் நகரமாட்டா. அப்படி ஒன்று இருந்தாலும் அத்தொகுதி விலகாது. பின்னால் விலக்க நேரும் என்று தெரிந்தால், சேர்க்கும்போதே ஆன்லைன் மூவபிள் என எழுதி, நகரக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் அதனை ஒதுக்கிவிட வேண்டும். மெய்நிகர் இயந்திரங்களில் நினைவகத்தைக் கூட்டிக் குறைப்பவர்களுக்கு இது அன்றாடத் தேவை.

பௌதிக இயந்திரங்களில் நான் அதிகம் மதிப்பது இன்னொரு வசதியை. ஈடாக் என்ற கர்னற் பகுதி, திருத்தப்பட்ட நினைவகப் பிழைகளின் எண்ணிக்கையைச் சிஸ்எஃப்எஸ்ஸில் காட்டுகிறது. ஒரே முகவரியில் பிழைகள் குவிவது தெரிந்தால், மெமரி கோப்புறையில் உள்ள சாஃப்ட் ஆஃப்லைன் பேஜ் என்ற கோப்பில் அந்தப் பௌதிக முகவரியை எழுதலாம். கர்னல் அந்த ஒரு பக்கத்தின் உள்ளடக்கத்தை நகர்த்திவிட்டுப் பக்கத்தைப் பயன்பாட்டிலிருந்து விலக்கும். வழக்கமான பக்கம் 4 கிலோபைட். இழப்பு என்று சொல்லத்தக்கதல்ல. கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள கணினி வணிக வளாகமான யூனிட்டி பிளாசாவில் மேசைக்கணினிக்கான நினைவகப் பட்டி உடனே கிடைக்கும். குறித்த சேவையகத்துக்குரிய பிழைதிருத்தும் பட்டி பல சமயங்களில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும். இலங்கையில் 2022இன் டொலர் தட்டுப்பாட்டையும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் கடந்து வந்தவர்களுக்கு, பழுதான பட்டியோடு சில வாரங்களைக் கவனமாக ஓட்டுவது எவ்வளவு பெறுமதியான திறன் என்பதை விளக்கத் தேவையில்லை.

பிசிஐ அட்டைகள்

வலையமைப்பு அட்டை, என்விஎம்இ சேமிப்பு, வரைகலை அட்டை ஆகியன பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற தாய்ப்பலகை இணைப்பு வழியாக இணைகின்றன. சாதனத்தின் ரிமூவ் கோப்பில் 1 என எழுதினால் கர்னல் அதனை மறக்கிறது. பிசிஐ கோப்புறையில் உள்ள ரீஸ்கேன் கோப்பில் 1 என எழுதினால் மீண்டும் தேடுகிறது. தொங்கிப்போன அட்டையை மறுதொடக்கமின்றி எழுப்புவதற்கு இந்த இரண்டு வரிகள் பலமுறை போதுமானவை. ஆனால் மறந்துவிட்டது என்பதால் அட்டைக்குச் செல்லும் மின்சாரம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. மின்சாரத்தைத் துண்டிக்கச் சொருகியே அதற்கு ஆதரவு தர வேண்டும். அப்படியானால் ஸ்லாட்ஸ் கோப்புறையில் உரிய சொருகியின் பவர் கோப்பில் 0 என எழுதி, சொருகியின் மின்விளக்கு அணைந்த பிறகே அட்டையைத் தொட வேண்டும். கவனப் பொத்தான் உள்ள பெட்டிகளில் அதை அழுத்தியதும் விளக்கு சிமிட்டும். ஐந்து நொடிகளுக்குள் மறுபடி அழுத்தினால் வேண்டுகோள் இரத்தாகும்.

புதிய அட்டை கண்டறியப்பட்டும் வேலை செய்யாமல் போவதற்கு ஒரு பொதுவான காரணம் முகவரி இடப் பற்றாக்குறை. இயந்திரம் தொடங்கும்போது ஃபர்ம்வேர், சொருகிகளை இணைக்கும் ஒவ்வொரு பாலத்துக்கும் குறிப்பிட்ட அளவு நினைவக முகவரிப் பரப்பை ஒதுக்கிவிடுகிறது. வெறுமையாக இருந்த சொருகிக்குச் சிறிதளவே ஒதுக்கப்பட்டிருந்தால், பெரிய பரப்புக் கேட்கும் அட்டைக்கு இடம் போதாது. முன்கூட்டியே இடம் ஒதுக்கக் கர்னல் தொடக்க விருப்பங்கள் உள்ளன. அவற்றை இடுவதற்கு ஒரு மறுதொடக்கம் தேவை.

வலையமைப்பு அட்டையைத் தொலைவிலிருந்து மாற்றுகிறவர், தான் பேசிக்கொண்டிருக்கும் வழியையே துண்டிக்கிறார். எனவே ஐலோ, ஐட்ராக் போன்ற தனி மேலாண்மை இணைப்பு வழியாக உள்நுழைந்து செய்ய வேண்டும். அதற்கும் வழியில்லை எனில், சில நிமிடங்களில் பழைய நிலையைத் தானாக மீட்டெடுக்கும் கட்டளையை முன்கூட்டியே ஓடவிட்டு, மாற்றம் சரியாக அமைந்தால் மாத்திரம் அதனை நிறுத்த வேண்டும்.

கர்னலையும் கடந்து எழுதும் கட்டளைகள்

இதுவரை கூறியவை கர்னலிடம் வேண்டுகோள் வைப்பவை. செட்பிசிஐ, ஐ2சிசெட், டபிள்யூஆர்எம்எஸ்ஆர் போன்றவை வேறு வகை: கர்னல் வழியாகவே சென்றாலும், அதன் சோதனையின்றிச் சாதனத்தின் பதிவகங்களில் (சாதனத்தின் நடத்தையைத் தீர்மானிக்கும் உள் நினைவிடங்களில்) எழுதுபவை. எழுதப்பட்ட மதிப்பு சரியா என்று சோதிக்க இடையில் எவரும் இல்லை. வெப்பநிலை உணரிகளைத் தேடும் மென்பொருள், சில்லுகளை இணைக்கும் ஐ2சி தடத்தில் அனுப்பிய சமிக்ஞைகளால் பழைய திங்க்பேட் மடிகணினிகள் சிலவற்றின் நினைவுச் சில்லு பழுதாகி, அவை மறுபடி தொடங்க மறுத்த வரலாறு உண்டு. 2016இன் தொடக்கத்தில், கோப்பு முறைமை முழுவதையும் அழிக்கும் கட்டளை யூஇஎஃப்ஐ எனப்படும் தொடக்க ஃபர்ம்வேரின் மாறிகள் ஏற்றப்பட்டிருந்த கோப்புறையையும் சேர்த்து அழித்ததால் சில மடிகணினிகள் உயிர்பெறாமல் போயின. அதன் பிறகு அம்மாறிகளுள் பெரும்பாலானவற்றைக் கர்னல் இயல்பாகவே மாற்ற முடியாதவையாகக் காக்கத் தொடங்கியது. வன்பொருளை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடிய ஷெல் வரிகள் உண்மையில் உண்டு என்பதற்கு இவை சான்று. இணையத்தில் கிடைத்த ஒரு பதிவக மதிப்பை உற்பத்தியாளரின் ஆவணத்தோடு ஒப்பிடாமல் பணியில் உள்ள சேவையகத்தில் எழுதுவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் ஏன் நிறுத்துகிறார்கள்?

தாய்ப்பலகை, செயலி, பெரும்பாலான சேவையகங்களின் நினைவகம், ஃபர்ம்வேர் மேம்படுத்தல்களில் பல ஆகியவற்றுக்கு நிறுத்தம் தேவை. வன்பொருள் அனுமதித்தாலும் நிறுவனங்கள் நிறுத்துவதைத் தெரிவு செய்வதுண்டு. பத்து நிமிட நிறுத்தம் முன்கூட்டி அறிவிக்கப்பட்டது, அளவு தெரிந்தது. ஓடும்போது செய்யும் மாற்றம் பிழையாகிவிட்டால் ஏற்படும் நிறுத்தத்துக்கு அளவு இல்லை. பெரிய மேகக்கணிமை நிறுவனங்கள் இரண்டையும் தவிர்க்கின்றன: மெய்நிகர் இயந்திரங்களை உயிரோடு வேறு பெட்டிக்கு நகர்த்திவிட்டு, காலியான பெட்டியை அமைதியாக அணைத்து வேலை செய்கின்றன. இரண்டு பெட்டிகளும் பொதுவான சேமிப்பகமும் உள்ள எந்த அலுவலகமும் இதைச் செய்யலாம். ஒரே ஒரு சேவையகத்தை நம்பி இயங்கும் நிறுவனங்கள்தான், வேறு வழியின்றி, மிகக் கடினமான முறையை மிகக் குறைந்த பாதுகாப்போடு கையாள வேண்டியிருக்கிறது. அவர்கள் கட்டளைகளைக் கற்பதற்கு முன்னால் காப்புப்பிரதியைச் சரிபார்க்க வேண்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கணினிச் சேவையான லங்கா அரசாங்க மேகத்தைத் தாக்கிய, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்களை மீட்க முடியாமற் செய்தது. அது வன்பொருள் மாற்றத்தால் நேர்ந்ததல்ல. ஆனால் அண்மைக்காலக் காப்புப்பிரதி இல்லாத இடத்தில் காரணம் எதுவாயினும் விளைவு இதுவே.

மறுதொடக்கத்தில் வெளிப்படும் கடன்

சிஸ்எஃப்எஸ்ஸில் எழுதியவை எவையும் மறுதொடக்கத்துக்குப் பின் எஞ்சுவதில்லை. அணைத்து வைத்த இழைகள் திரும்ப ஓடும். விலக்கிய பழுதான பக்கம் மீண்டும் பயன்பாட்டுக்கு வரும். கையால் ஒதுக்கிய குறுக்கீடுகள் பழைய இடத்துக்குப் போகும். எந்த வன்தட்டை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி என்ற பெயரை நம்பி எழுதிய வரி வேறொரு வன்தட்டைச் சுட்டலாம். ஓடும்போது செய்த ஒவ்வொரு மாற்றமும் சாதனம் தோன்றும்போது செயற்படும் யூடெவ் விதியாகவோ, இயந்திரம் தொடங்கும்போது ஓடும் சிஸ்டம்டி அலகாகவோ, கர்னல் தொடக்க விருப்பமாகவோ எழுதி வைக்கப்படாவிட்டால், ஓடும் இயந்திரமும் வன்தட்டில் பதிந்துள்ள அதன் அமைவும் நாளடைவில் இரண்டு வெவ்வேறு இயந்திரங்களாகிவிடுகின்றன. இரண்டு ஆண்டுகளாக நிறுத்தப்படவில்லை என்று பெருமையாகச் சொல்லப்படும் சேவையகங்களில் இந்த இடைவெளி மிக அகலம்.

அந்த இயந்திரம் எப்போது மறுதொடக்கமாகும் என்பதை எப்போதும் நாம் தீர்மானிப்பதில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என எரிசக்தி அமைச்சர் தெரிவித்தார். யூபிஎஸ்ஸின் மின்கலம் தீரும் முன் மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்காத இடங்களில் சேவையகங்கள் அணைந்து, பல மணித்தியாலங்களின் பின் தாமாகத் தொடங்கும். விடுமுறை நாளில், கையால் மாற்றியவர் பணியில் இல்லாத வேளையில், பழைய அமைவு அப்போது எழுந்து நிற்கும்.

ஆகவே ஓடும் நிலையில் செய்த மாற்றத்தை முடித்த கையோடு, பின்வருவனவற்றைச் செய்து வைப்பது வழக்கமாக வேண்டும்.

1. எல்எஸ்பிஎல்கே, எல்எஸ்பிசிஐ, எல்எஸ்சிபியு, எல்எஸ்மெம், ஃபைண்ட்மவுண்ட் ஆகியவற்றின் வெளியீடுகளை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கோப்பில் சேமித்தல். டிஃப் கட்டளையால் ஒப்பிடும்போது, எதிர்பார்த்த வேறுபாடுகளுக்கு மேல் ஒரு வரி கூட இருக்கக்கூடாது.

2. எஃப்எஸ்டேப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி எனத் தொடங்கும் பெயர்களை நீக்கி, யூயூஐடி (மாறாத தனி அடையாளம்) அல்லது தொடரிலக்கம் சார்ந்த பெயர்களை இடுதல்.

3. ரெய்ட் 1 அணியில் மாற்றிய வன்தட்டிலிருந்தும் இயந்திரம் தொடங்குமாறு கிரப் தொடக்கநிரலை அதில் நிறுவுதல். மீள்கட்டமைப்பு தரவை மட்டுமே பிரதியெடுக்கிறது. அணிக்கு வெளியே உள்ள தொடக்கப் பகுதி புதிய வன்தட்டில் வெறுமையாகவே இருக்கும். இதனை மறந்தவர்கள், நல்ல வன்தட்டும் பின்னாளில் பழுதாகும் அன்றைக்குத்தான் அறிந்துகொள்கிறார்கள்.

4. மீள்கட்டமைப்பு முடிந்த பிறகு, அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையிலோ ஞாயிறு அதிகாலையிலோ, மாற்றத்தைச் செய்தவரே அருகில் இருக்க, இயந்திரத்தை ஒரு முறை மறுதொடக்கம் செய்தல். முதலாவதில் சேமித்த கோப்புகளோடு புதிய வெளியீடுகளை மறுபடி ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் உரிய நிரந்தர அமைவை அன்றைக்கே எழுத வேண்டும்.